சூடு எங்கேயோ அங்கேதான் செலவு: வீட்டு எரிசக்திக் கணக்கை முதலிலிருந்து பார்ப்போம்

கரண்ட் பில் எகிறிய மாதத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். விளக்கை அணை, ஃபேனை அணை, சார்ஜரைப் பிடுங்கு என்று இரண்டு வாரம் கெடுபிடியாக இருக்கும். அடுத்த பில் வரும், பெரிதாக எதுவும் குறைந்திருக்காது, அதோடு ஆர்வமும் போய்விடும். நானும் பல வருடம் இப்படித்தான் இருந்தேன். ஒருநாள் மீட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், தேடவேண்டிய இடமே வேறு என்று புரிந்தது.

வீட்டில் எரிசக்தியை அதிகம் தின்பது இரண்டு வேலைகள். ஒன்று, எதையாவது சூடாக்குவது. இன்னொன்று, சூட்டை ஓரிடத்திலிருந்து வெளியே தள்ளுவது. குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவது, அறையை வெதுவெதுப்பாக வைப்பது, ஏசி, ஃப்ரிட்ஜ், துணி உலர்த்தும் இயந்திரம் எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். வெளிச்சம், பாட்டு, டிவி எல்லாம் இவற்றுக்கு முன்னால் சில்லறைச் செலவு. இதை மனதில் வைத்துக்கொண்டால், எதில் முதலில் கைவைப்பது என்பது பாதி தெரிந்த மாதிரி.

யூனிட்டைப் பழகிக்கொள்ளுங்கள்

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி. வாட் என்பது குழாயில் தண்ணீர் கொட்டும் வேகம் மாதிரி. யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த தண்ணீர். 10 வாட் எல்இடி பல்பு 100 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட் ஆகும். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அதே ஒரு யூனிட்டை அரை மணி நேரத்தில் முடித்துவிடும்.

ஒரு யூனிட் என்பது சின்ன விஷயமும் இல்லை. ஒரு டன் எடையை 360 மீட்டருக்கு மேல் தூக்கத் தேவையான சக்தி அதில் இருக்கிறது. அதைத்தான் ஒரு குளியலில் இரண்டு மடங்காகச் செலவழிக்கிறோம்.

எரிவாயு, எண்ணெய் எதுவாக இருந்தாலும் அதையும் யூனிட்டாக மாற்றிவிடுங்கள். அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். சிலிண்டர் எரிவாயு ஒரு கிலோவில் சுமார் 13 யூனிட் சூடு இருக்கிறது. குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயுவில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10 யூனிட். டீசல், மண்ணெண்ணெய் போன்றவற்றில் ஒரு லிட்டருக்கும் ஏறக்குறைய 10 யூனிட்தான்.

ஒரு வருட பில்லை வரிசையாக வையுங்கள்

பன்னிரண்டு மாத யூனிட் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதுங்கள். பணத்தை எழுத வேண்டாம், கட்டண விகிதம் மாறினால் பணக்கணக்கு குழப்பிவிடும். அவற்றில் மிகக் குறைவான மாதத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம் என்கிற இதமான மாதமாக இருக்கும். ஊருக்குப் போய் வீடு பூட்டிக்கிடந்த மாதத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

அந்த எண்ணை 12-ஆல் பெருக்குங்கள். அதுதான் பருவநிலை எப்படி இருந்தாலும் உங்கள் வீடு எடுக்கிற அடிப்படை அளவு. ஆண்டின் மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது, வெயிலுக்கும் குளிருக்கும் ஆன செலவு. உதாரணமாக, குறைந்த மாதம் 150 யூனிட், ஆண்டு மொத்தம் 3000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 1800, பருவச் செலவு 1200. இந்த வீட்டில் ஏசியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் பெரிய பங்கு கண்ணில் படாமலே போய்விடும்.

மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணுங்கள்

இந்த ஒரு வேலைக்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை, கடிகாரம் போதும். பெரும்பாலான எலக்ட்ரானிக் மீட்டர்களில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே 3200 இம்ப், 1600 இம்ப் என்று ஏதாவது ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்பதுதான் அந்த எண். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுங்கள். 3200 என்றால் 1125 வரும். அதை, ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள விநாடிகளால் வகுத்தால், அந்த நொடியில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று விநாடிக்கு ஒருமுறை மினுக்கினால் 375 வாட்.

எல்லாரும் தூங்கப் போன பிறகு ஓர் இரவு நான் இதைச் செய்து பார்த்தேன். விளக்கு, ஃபேன், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜின் பிளக்கையும் சில நிமிடம் எடுத்துவிட்டேன். இனி மினுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மீட்டர் முன்னால் நின்றேன். இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி ஒருமுறை வந்து போனது. எண்ணினேன். பத்தொன்பதாவது விநாடியில் மறுபடி வந்தது. கிட்டத்தட்ட 60 வாட்! வீட்டில் ஒருவரும் ஒன்றும் செய்யாத நேரத்தில் இத்தனை. அறை அறையாகப் போய் ஒவ்வொரு பிளக்காக எடுத்தேன். டிவியோடு இருந்த செட் டாப் பாக்ஸ், யாரும் கேட்காத பழைய ஸ்டீரியோ, கோடையில் மட்டும் தேவைப்படுகிற ஏசியின் ஸ்டெபிலைசர், வைஃபை ரூட்டர். ரூட்டரைத் தவிர மற்றவை அப்படி இரவு பகலாக விழித்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

60 வாட் என்பது கேட்கச் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் ஆண்டுக்கு 8760 மணி நேரம். எப்போதும் ஓடுகிற ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆகிறது. 60 வாட் என்றால் 520 யூனிட்டுக்கு மேல். இன்றைய நல்ல ஃப்ரிட்ஜ் ஒன்று ஆண்டு முழுக்க எடுப்பதைவிட அது அதிகம். ஸ்விட்ச் உள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டிவி பக்கத்துச் சாமான்களையெல்லாம் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான் வேலை.

மொபைல் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. இப்போது வரும் சார்ஜர்கள் சும்மா இருக்கும்போது ஒரு வாட்டில் சிறு பகுதிதான் எடுக்கின்றன. அதற்காக வீட்டில் யாரையும் கடிந்துகொள்ளத் தேவையில்லை.

தண்ணீரில் போகும் காசு

தண்ணீரைச் சூடாக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பது கணக்குப் போட்டால்தான் உறைக்கும். ஒரு யூனிட்டால் 860 லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கலாம். அதே யூனிட்டால் 43 லிட்டரை 20 டிகிரி சூடாக்கலாம். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் நின்றால் 100 லிட்டர். 20 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் 2.3 யூனிட். 9 வாட் பல்பைத் தினம் 5 மணி நேரம் என்று 50 நாள் எரிக்கலாம் அதில். ஒரே ஒரு குளியல்!

ஆகவே இங்கேதான் முதலில் கைவையுங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் ஷவர் தலையை மாட்டினாலே அந்த 2.3 யூனிட் 1.4 ஆகிவிடும். நேரத்தையும் இரண்டு நிமிடம் குறைத்தால் பாதிக்குக் கீழே வந்துவிடும். உங்கள் ஷவர் எவ்வளவு விடுகிறது என்று தெரியாவிட்டால் ஒரு வாளியைக் கீழே வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

துணி துவைக்கும் இயந்திரத்திலும் இதே கதைதான். வெந்நீரில் துவைக்கும்போது மோட்டார் எடுப்பதைவிடத் தண்ணீரைச் சூடாக்கத்தான் பல மடங்கு போகிறது. சாதாரண அழுக்குக்கு 30 டிகிரியே போதும், பச்சைத் தண்ணீரிலும் போகும். உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஒரு நடைக்கு 2 முதல் 4 யூனிட் வரை எடுக்கக்கூடியது. கொடியில் காயப்போட வழி இருந்தால் காயப்போடுங்கள்.

தொட்டி உள்ள ஹீட்டரில் வெப்பநிலையைக் குறைத்து வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் எல்லை உண்டு. எப்போதும் வெந்நீர் தேங்கியிருக்கும் தொட்டியை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், அது கடும் நிமோனியா வரை கொண்டுபோய்விடும். அதற்குப் பதிலாகத் தொட்டிக்கும் குழாய்க்கும் வெப்பக்காப்பு உறை போடுங்கள். தேவைக்கு மட்டும் போட்டு அணைக்கும் சின்னத் தொட்டி என்றால், குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுவதே சரி.

சூடு நுழையும் வழி, வெளியேறும் வழி

வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலை எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ, அந்த அளவுக்குச் சூடு கசியும். வெளியே 36 டிகிரி. ஏசியை 22-இல் வைத்தால் வித்தியாசம் 14. 26-இல் வைத்தால் 10. சுவர் வழியாக உள்ளே வரும் சூடு கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. அந்த நான்கு டிகிரியை ஃபேன் ஈடுகட்டும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, உடம்பின் மேல் காற்றை ஓட்டி நம்மைக் குளிர்விக்கிறது. அதனால் ஆள் இல்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அது வீண்தான். ஆள் இருக்கிற அறையில் 75 வாட் ஃபேன், அல்லது 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் ஃபேன், 1000 வாட் ஏசியின் பளுவை நன்றாகக் குறைக்கும். ஏசியை 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது சரியில்லை. வேகம் அதேதான், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

குளிர்ப்பிரதேசத்திலும் இதே விதிதான், திசைதான் வேறு. "அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அதிகம் ஆகும், அதனால் ஹீட்டிங்கை ஓடவே விடலாம்" என்று பலர் நம்புகிறார்கள். வீடு ஆற ஆற வெளியேறும் சூடும் குறைகிறது. திரும்பச் சூடேற்றுவதற்கு ஆவது, அப்படி மிச்சமானதைவிடக் குறைவுதான். பல மணி நேரம் வெளியே போவதானால் தாராளமாகக் குறைத்துவிட்டுப் போங்கள். ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் சூட்டை உள்ளே இழுத்துவரும், ஏசி மாதிரியான கருவி) வைத்திருப்பவர்கள் மட்டும் அதிகம் ஏற்றி இறக்காமல் மிதமாக, சீராக ஓடவிடுவது நல்லது.

இனி ஓட்டைகள். காற்று வீசும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் விளிம்பு, கதவின் அடிப்பகுதி, குழாய் சுவருக்குள் நுழையும் இடம், கூரைக்கு ஏறும் மூடி என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிடியுங்கள். திரைச்சீலையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை நேராக மேலே போனால் பிரச்சினை இல்லை. சட்டென்று வளைந்தால் அங்கே காற்று போகிறது, வருகிறது. ரப்பர் பட்டையும் சீலன்ட்டும் வைத்து அடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் காற்றோட்டத்துக்கென்றே வைத்த துவாரங்களை அடைக்கவே கூடாது. உள்ளே எரிவாயு அடுப்போ ஹீட்டரோ எரிகிற வீட்டில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனைகூடத் தெரியாமல் உயிர் போய்விடும்.

பெரிய செலவு செய்யும் எண்ணம் இருந்தால் கூரையிலிருந்து தொடங்குங்கள். வெயில் ஊரில் அங்கேதான் சூரியன் விழுகிறது, குளிர் ஊரில் சூடான காற்று மேலே ஏறி அங்கேதான் தப்புகிறது. வெப்பக்காப்பில் முதல் 10 சென்டிமீட்டர் தரும் பலன்தான் பெரிது. தடிமனை இரட்டிப்பாக்கினால், மிஞ்சியிருந்த கசிவில் பாதி குறையும், அவ்வளவுதான். வெயில் படும் கண்ணாடிக்குத் திரையை உள்ளே போடுவதைவிட வெளியே நிழல் கொடுப்பது எவ்வளவோ மேல். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டால் சூடும் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

மற்றவை, சுருக்கமாக

ஃப்ரிட்ஜ் 3 முதல் 5 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. பின்னால் காற்று ஓட இடம் விடுங்கள். பழைய ஃப்ரிட்ஜை இரண்டாவதாக வைத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். குண்டு பல்புகள் மிச்சமிருந்தால் இன்றே மாற்றுங்கள், அவை எடுப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள், எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொதிக்க வையுங்கள்.

அப்புறம், கார்பன் கணக்கு

யூனிட் கணக்கு கைக்கு வந்துவிட்டால் கார்பன் தடம், அதாவது நம் எரிசக்திச் செலவால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் அளவு, ஒரு பெருக்கல்தான். சிலிண்டர் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எரித்ததைவிட வருவது எப்படி அதிகம் என்று பலரும் கேட்பார்கள். 12 கிராம் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராமாக வெளியேறுகிறது, அதனால்தான். இயற்கை எரிவாயுவில் ஒரு யூனிட் சூட்டுக்குச் சுமார் 200 கிராம்.

மின்சாரத்துக்கு ஒரே எண் கிடையாது, அது எங்கே உற்பத்தியாகிறது என்பதைப் பொறுத்தது. நிலக்கரியில் என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. எரிவாயு நிலையத்தில் அதில் பாதிக்கும் குறைவு. காற்றாலை, அணுமின்சாரம் எல்லாம் கட்டுமானத்தையும் சேர்த்தே சில பத்து கிராமுக்குள்தான். உங்கள் நாட்டு மின்கட்டமைப்பின் சராசரியை அரசின் எரிசக்தித் துறை பெரும்பாலும் வெளியிட்டிருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 500 கிராம் என்றால், மேலே சொன்ன 3000 யூனிட் வீட்டுக்கு 1.5 டன். ஆண்டுக்கு 100 கிலோ சிலிண்டர் எரிவாயு எரித்தால் இன்னும் 300 கிலோ. ஆக 1.8 டன். வீட்டில் எத்தனை பேரோ அத்தனையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

இந்த எண் கையில் இருந்தால் வியாபாரப் பேச்சில் ஏமாற வேண்டியதில்லை. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூடு தரும் என்று வைத்துக்கொள்வோம். எரிவாயு பாய்லரின் இழப்பையும் சேர்த்தால் அதில் ஒரு யூனிட் சூட்டுக்குச் சுமார் 220 கிராம். அப்படியானால் உங்கள் மின்சாரத்தின் சராசரி 660 கிராமுக்குக் கீழே இருந்தால் ஹீட் பம்ப்தான் சுத்தம். அதற்கு மேலே இருந்தால் இன்றைக்கு எரிவாயுவே குறைவாக வெளியிடும். மின்கட்டமைப்பில் சூரிய மின்சாரமும் காற்றாலையும் கூடக்கூட இந்த விடை மாறும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வெறும் கம்பிச்சுருள் ஹீட்டரை நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டுவதைவிட மோசமான வழி அநேகமாக இல்லை.

பில்லில் வராத ஒரு கணக்கும் இருக்கிறது. எங்கள் ஏசிக்கு மூன்று வருடம் தொடர்ந்து, கோடை தொடங்கும்போது "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார்கள். பெட்ரோல் மாதிரி அது தீர்ந்துபோகிற பொருள் என்றே நம்பியிருந்தேன். நான்காவது முறை வந்தவர் வெளியே இருக்கும் பெட்டியைத் திறந்து, செம்புக்குழாய் வந்து சேரும் நட்டின் மேல் சோப்பு நுரையைத் தடவினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குமிழ் மெதுவாக ஊதிக்கொண்டு வந்து உடைந்தது, பின்னாலேயே இன்னொன்று. மூன்று வருடக் கசிவும் அந்த ஒரு நட்டில்தான். ஏசிக்குள் ஓடும் வாயு மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருவது, தானாகத் தீராது. குறைந்தால் ஓட்டை இருக்கிறது. ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு வீட்டின் ஆண்டுக் கணக்கைவிட அதிகமாக அந்த நட்டு வழியாகப் போயிருக்கலாம் என்று நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது. ஆர்-32-இல் பாதிப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு, ஆர்-290 என்ற புரொப்பேனில் மிக மிகக் குறைவு. புதிது வாங்கும்போது பெட்டியின் லேபிளில் எந்த வாயு என்று பாருங்கள். யாராவது கேஸ் நிரப்ப வந்தால், முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள்.

வாங்குவது கடைசியில்

கூரையில் சூரியத் தகடு போட நினைப்பவர்கள் இதுவரை சொன்னதையெல்லாம் முடித்துவிட்டு அதற்குப் போங்கள். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். தினம் 8 யூனிட் எடுத்த வீட்டை 5 யூனிட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வாங்கினால், தகடும் சிறிதாகப் போதும், செலவும் குறையும். நன்றாக ஓடுகிற கருவியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க அவசரப்படாதீர்கள், செய்வதற்கே நிறைய எரிசக்தி ஆகிறது. கெட்டுப்போகும்போது எதை வாங்குவது என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள். வெந்நீர் இல்லாமல் நிற்கும் காலையில் கிடைத்ததைத்தான் வாங்குவோம்.

ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் மீட்டர் எண்ணைக் குறித்து வாருங்கள். போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், பக்கத்திலேயே அந்த மாதம் வெயில் எப்படி, வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் மீட்டர் பெட்டியின் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, நூலில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்றாம் தேதி யார் வாசலைக் கடந்தாலும் எண்ணை எழுதிவிட்டுத்தான் போகிறார்கள்.